இரண்டாவது திரை

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று ஒரு வீட்டில் திருமணம் என்றால், நாதஸ்வரக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே வீடியோ எடுப்பவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மேடையைச் சூழ்ந்து நிற்கும் உற்றார் உறவினருக்கு மணமக்களின் முகம் தெரிகிறதோ இல்லையோ, கேமராவுக்குத் தெரியாமல் போவதில்லை. ஆனால் அவ்வாறு எடுத்த காட்சிகளை வெட்டியும் ஒட்டியும் வரிசைப்படுத்தியும் ஒரு படமாக ஆக்கித் தருகிறவரை நாம் கண்டுகொள்வதில்லை. கடைத்தெருவில் ஏதேனும் ஒரு மாடியறையில், கணினியின் முன்னே, அவர் இரவு வெகுநேரம் விழித்திருக்கிறார். அவர் தம் படத்தை எந்தத் திரையில் பார்த்துத் தொகுக்கிறார் என்னும் ஒரு கேள்வியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இது அற்பமான கேள்வி என்று நேயர்களுக்குத் தோன்றக்கூடும். படம் படந்தானே, எந்தத் திரையில் பார்த்தால் என்ன? அச்சுத் தொழிலை அறிந்தவர்கள் இவ்வாறு கேட்கமாட்டார்கள். நமக்கு அண்மையிலுள்ள சிவகாசியில் நாட்காட்டி அச்சிடுகிறவர்கள், கணினித் திரையில் கண்ட அழகை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கான படிகளை ஓட்டிவிடுவதில்லை. மாதிரிப் படி ஒன்று எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அம்மன் சேலையின் சிவப்பு கூடிற்றா குறைந்ததா என்று ஆராய்ந்த பின்னரே பொறியை முடுக்குகிறார்கள். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் பள்ளி விழா மலர் ஒன்றை அச்சிட அங்கே சென்றிருந்தேன். மாதிரிப் படியை ஏதாவது ஒரு தாளில் எடுத்துக் காட்டினால் போதாதா என்று கேட்டதற்கு, அச்சகத்துப் பெரியவர், “எந்தத் தாளில் ஓடப்போகிறதோ அந்தத் தாளில் பார்த்தால்தான் சார், ப்ரூஃப்” என்றார். வீடியோத் தொழிலுக்கும் இது அப்படியே பொருந்தும்.

திரைப்படத்துறை இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தது. 1924-ல் தோன்றிய மூவியோலா என்னும் கருவியில், தொகுப்பாளர் மிகச் சிறிய கண்ணாடி ஒன்றில் படத்தைப் பார்த்து வெட்டினார். வெட்டிய சுருளை முன்னோட்ட அரங்குக்குக் கொண்டு சென்று, பெருந்திரையில் ஓட்டிப் பார்த்த பின்னரே திருத்தத்தை முடிவு செய்தனர். வால்ட்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தொகுப்பாளர், தம் சிறு திரையின் இருபுறமும் காகிதத்தில் வெட்டிய மனித உருவங்களை ஒட்டி வைத்துக்கொள்வாராம். அந்தக் காகித மனிதர்களுக்கு முன் திரை எவ்வளவு பெரிதாய் நிற்கிறது என்பதைக் கண்டு, அரங்கில் அமர்ந்திருப்பவனின் நினைவு தமக்கு மறவாதிருக்கவே இந்த ஏற்பாடு. பள்ளிப் பிள்ளைகள் செய்யும் விளையாட்டுப் போலத் தோன்றினும் இதன் நோக்கம் பெரிது. தமிழில், 1994-ல் வெளிவந்த ‘மகாநதி’ கணினிவழித் தொகுப்பைக் கையாண்ட முதல் இந்தியப் படம் என்று பெயர் பெற்றது. அதன்பின் சில ஆண்டுகளில் கணினி நம் ஊர்க் கடைத்தெரு வரை வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னர் நம் ஊர்களில் வி.எச்.எஸ். நாடாக்கள் இருந்தன. இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றை ஓடவிட்டு மற்றொன்றில் பதிவார்கள். அப்போது தொகுப்பாளர் பார்த்த திரை சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியே. வாடிக்கையாளர் வீட்டில் இருந்ததும் அத்தகைய பெட்டியே. ஆகவே இரண்டுக்கும் இடையே வேற்றுமை எழவில்லை. 1995-ல் டி.வி. என்று பெயரிட்ட எண்முறைப் பதிவு தோன்றி, சின்னஞ்சிறு நாடாவாகப் பரவியது. ஃபயர்வயர் எனும் ஒரே கம்பி வழியே காட்சி கேமராவிலிருந்து கணினிக்குச் சென்றது. அதே கம்பி வழியே அது கேமராவுக்குத் திரும்பி, கேமராவின் மஞ்சள் முனை வழியாகத் தொலைக்காட்சிப் பெட்டியிலும் தெரிந்தது. விவரமறிந்த தொகுப்பாளர்கள் மேசையின் ஒரு மூலையில் பழைய பெட்டி ஒன்றை வைத்து, தொகுக்கும்போதே அதில் பார்த்துக்கொண்டார்கள். பின்னர் நாடா போய் நினைவு அட்டை வந்தது. கம்பியும் போயிற்று, அத்துடன் காட்சி திரும்பி வரும் வழியும் அடைபட்டது. மூலையில் இருந்த பெட்டி பழைய இரும்புக் கடைக்குச் சென்றது. தொகுப்பாளருக்கு எஞ்சியது, கணினித் திரைக்குள்ளே மென்பொருள் திறந்து காட்டும் ஒரு சிறு சன்னல்.

அந்தச் சன்னல் எவ்வாறு ஏமாற்றுகிறது என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்குகிறேன். என்னிடம் பயின்றவர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இத்தொழில் செய்கிறார். ஒரு வீட்டில் நடந்த மணிவிழாவை அவர் படமாக்கிக் கொடுத்தார். சில மாதங்களில் அவ்வீட்டுப் பெரியவரின் தமக்கையார் காலமானார். குடும்பத்தார் அந்த அம்மையாரைக் காணப் படத்தைப் போட்டார்கள். மண்டபத் தூணருகே நிழலில் அமர்ந்திருந்த அவருடைய வெள்ளைச் சேலை தெரிந்தது, முகம் தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கருமையே இருந்தது. வந்து கேட்டார்கள். மாணவர் தம் கணினியில் போட்டுப் பார்த்தார். அங்கே முகம் தெரிந்தது!

காரணம் இதுதான். எண்முறைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. கணினி 0 என்பதை முழுக் கருமையாகவும் 255 என்பதை முழு வெண்மையாகவும் கொள்கிறது. தொலைக்காட்சி உலகம் 1982-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிமுறையை ஒட்டி, 16-ஐக் கருமை என்றும் 235-ஐ வெண்மை என்றும் வைத்துக்கொண்டது. கணினியின் கணக்கில் எழுதிய படத்தைத் தொலைக்காட்சி தன் கணக்கில் படித்தால், 16-க்குக் கீழுள்ளவை யாவும் கருமையில் ஆழ்ந்துவிடும். அதை ஒட்டியுள்ளவையும் மங்கிப்போகும். அரக்குப் பட்டின் மடிப்புகள், நிழலில் நிற்போரின் முகங்கள், மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டின் விளிம்பு ஆகியவை முதலில் மறைவன. மாறாக, தொலைக்காட்சிக் கணக்கில் எழுதியதைக் கணினிக் கணக்கில் படித்தாலோ, மார்கழி மூடுபனி படர்ந்தது போலப் படம் முழுதும் வெளிறித் தோன்றும்.

நல்ல வேளையாக அந்த அம்மையார் தொலைந்துவிடவில்லை. கோப்பினுள் எண்களாக இருந்தார். பெட்டிதான் அவரைக் காட்ட மறுத்தது. மாணவர் கணக்கைச் சரிசெய்து வேறொரு படி எடுத்துக் கொடுத்தார். ஆனால் எல்லாக் குடும்பங்களும் திரும்பி வந்து கேட்பதில்லை. வீடியோ எடுத்தவர் சரியாக எடுக்கவில்லை என்று எண்ணி வாளாவிருந்துவிடுகிறார்கள். மூலக் காட்சிகளையும் எந்தக் கடையும் நெடுநாள் வைத்திருப்பதில்லை.

இன்னொரு சங்கடம் அசைவு பற்றியது. பழைய தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் இரு பாதிகளாக வரும். ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் மறு பாதி. வகுப்பில் இரு மாணவர்களை நிறுத்தி, ஒரு கதையின் வாக்கியங்களை மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்வன் தொடங்கவேண்டிய இடத்தில் இரண்டாமவன் தொடங்கினால், கதை ஒரு வாக்கியம் முன்னே பாய்ந்து ஒரு வாக்கியம் பின்னே வரும். டி.வி. நாடாவில் கீழ்ப்பாதி முதலில் வரும். பின்னர் வந்த உயர்தெளிவு முறையில் மேற்பாதி முதலில் வரும். இந்த வரிசையை மாற்றிவிட்டால் அசையாத பொருள்கள் ஒழுங்காகவே தோன்றும், அசைபவை நடுங்கும்.

நம் ஊர்களில் இப்போது பழைய நாடாக்களைப் பென்டிரைவுக்கு மாற்றித் தருவது ஒரு தொழிலாக நடப்பதால் இதனை விரித்துச் சொல்கிறேன். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் வீதியில் வருவதைப் பதிந்த நாடாவை எண்ணிப் பாருங்கள். பின்னே நிற்கும் பதினொரு நிலைக் கோபுரம் கல்லாய் நிற்கும். முன்னே வடம் பிடிப்போரின் கைகளும், தேரின் தொம்பைகளும் முன்னும் பின்னுமாய் உதறிக்கொண்டே வரும். கணினியின் சிறு சன்னல் பெரும்பாலும் இதைக் காட்டாது. அது இரு பாதிகளையும் ஒன்றாகக் கலந்தோ, ஒன்றை விட்டுவிட்டோ காட்டிவிடும். வீட்டில் பெரிய திரையில் போட்ட பின்னரே குறை தெரியும். அதற்குள் மூல நாடா பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போயிருக்கும்.

விளிம்பு பற்றி ஒரு சொல். பல பெட்டிகள் படத்தின் ஓரங்களைச் சற்று மறைத்துக் காட்டும். அதனால் எழுத்துகளை ஓரத்தில் நிறுத்தினால், ‘அருள்மிகு’ என்பதில் பாதி சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நடுவிலுள்ள 80 விழுக்காட்டுப் பரப்புக்குள் எழுத்தை வைப்பது பழைய வழக்கம்; நல்ல வழக்கம்.

ஆகவே தொகுப்பவருக்கு இரண்டாவது திரை வேண்டும். கணினியுடன் மற்றொரு மானிட்டரைச் சும்மா இணைத்து மேசைப் பரப்பை நீட்டுவது மட்டும் போதாது. அதுவும் கணினியின் கணக்கிலேயே இயங்கும். பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்வதால், 25 படங்களாய் வரும் காட்சி அதில் சீராக நடவாது. இதற்கென்றே வீடியோ வெளியீட்டு அட்டைகள் கிடைக்கின்றன. இவை கணினியின் அலங்காரங்களைத் தாண்டி, படத்தை அதற்குரிய வேகத்திலும் அதற்குரிய எண்கணக்கிலும் எச்.டி.எம்.ஐ. அல்லது எஸ்.டி.ஐ. கம்பி வழியே நேரே வெளியில் அனுப்புகின்றன. அக்கம்பியின் மறுமுனையில் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்தால், தொகுக்கும்போதே வாடிக்கையாளர் காணப்போவதைக் காணலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வெளித்திரைக்குப் படம் சில கணங்கள் தாமதித்தே வரும். ஒரு படத்துக்கு 40 மில்லி நொடி. மூன்று நான்கு படங்கள் பிந்தினாலே தவிலில் கோல் விழுவதும் ஒலி கேட்பதும் பிரிந்து தோன்றும். தொகுப்பாளர் படத்தை வெளித்திரையிலும் ஒலியைக் கணினியிலும் கேட்டால், சரியாக இருந்த கெட்டிமேளத்தைத் தாமே ‘திருத்தி’க் கெடுத்துவிட நேரும். ஒலியையும் அதே வழியில் வெளியே எடுத்துக் கேட்பதே முறை.

அட்டை வாங்க வசதியில்லாத சிறு கடைக்காரர் என்ன செய்வது? ஐந்து நிமிடப் பகுதியை மட்டும் பென்டிரைவில் எடுத்து, சாதாரணத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் நிழலில் இருப்பவர் ஒருவர், வேகமாய் அசைவது ஒன்று, தவிலோசை, ஓரத்து எழுத்து ஆகிய நான்கும் இருக்கும்படி தேர்ந்தெடுப்பது நலம். பெட்டியின் அமைப்பில் ‘விவிட்’ என்றிருப்பதை ‘சினிமா’ என்று மாற்றிக்கொள்க. விற்பனைக் கடையின் வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்த அமைப்பு அது. மஞ்சள் கயிற்றை ஆரஞ்சாகவும், மாப்பிள்ளையைப் பழுத்த மிளகாயாகவும் காட்டும். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் நிறுத்திவிடுக. பிறகு அதே துண்டை ‘விவிட்’ அமைப்பிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் வாங்கி வந்த நாளிலிருந்து அந்தப் பொத்தானைத் தொடாத வீடுகளே நம் ஊரில் மிகுதி.