நோகாத நோய்



மூதூர் அம்மா ஒருவர், நீரிழிவுக்காரர், ஒரு கண் மங்கிய பிறகுதான் என்னிடம் வந்தார். "நோகல்லையே மகள், பிறகு என்னத்துக்கு வாற?" என்றார். விழித்திரை நோவதில்லை. அதுதான் வில்லங்கம்.

இந்தப் பாதிப்பை முந்திக் கண்டுபிடிக்க, மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை உட்பட இந்தியாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த 128,175 விழித்திரைப் படங்களால் கணினியைப் பழக்கினார்கள் கூகுளின் வருண் குல்ஷன், லில்லி பெங் குழுவினர். ஆய்வு 2016இல் வெளியானது. கணினி தானாகவே படித்தது என்பார்கள். 54 வைத்தியர்கள் ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தடவை தரம் பிரித்துக் கொடுத்த பிறகுதான் படித்தது!

பிறகு தாய்லாந்துக் கிளினிக்குகளில் தாதியர் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது ஏற்கவில்லை. பல இடங்களில் அறை போதியளவு இருட்டாக இல்லை. படம் சரிவராதவர்கள் இன்னொரு நாள் வேறு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எங்கள் அம்மா போவாரா?

வெளிநாட்டிலிருந்து "என்ன அனுப்ப?" என்று கேட்கிறீர்கள். கிராமத்துக் கிளினிக்குக்கு ஒரு கமரா, நல்ல கறுப்புத் திரைச்சீலை, தாதிக்கு இரண்டு கிழமைப் பயிற்சி. மென்பொருள் பிறகு வரட்டும்.

அந்த அம்மாவின் மற்றக் கண்ணை அடுத்த மாதம் பார்க்கிறேன்.