கைபேசிக்குள் ஒரு கமிஷன் மண்டி
(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மண்டிக் கமிஷன் என்றால் என்னவென்று நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலூரிலும் சோழவந்தானிலும் வெயிலில் காய்ந்து விளைவித்த பொருள் மண்டிக்கு வந்ததும், தரகன் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறான். மிஞ்சியதுதான் விளைவித்தவனுக்கு. இன்று நம் பிள்ளைகளின் கைபேசிக்குள்ளும் இப்படியொரு மண்டி நடக்கிறது. அதன் கணக்கைப் பார்ப்போம்.

முன்பு வீடியோ விளையாட்டைத் தட்டில் பதிந்து கடையில் விற்றார்கள். இன்று அது இணையத்தின் வழியே வருகிறது. கணினி விளையாட்டுகளுக்குப் பெரிய கடை, அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2003-இல் தொடங்கிய ஸ்டீம். கைபேசிக்கு கூகுளும் ஆப்பிளும் கடை வைத்திருக்கின்றன. இவை வகுத்த கமிஷன் நூற்றுக்கு 30. வரி நீங்கலாக 500 ரூபாய் விளையாட்டில் 150 ரூபாய் கடைக்கு! இரவு பகலாக எழுதியவர், வரைந்தவர், இசையமைத்தவர், அவர்களுடைய கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து 350.

கடைக்குச் செலவு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் மில்லில் ஒவ்வொரு கண்டு நூலுக்கும் பஞ்சு வேண்டும். விளையாட்டின் லட்சமாவது பிரதிக்குப் புதிய பஞ்சும் வேண்டாம், புதிய ஷிப்டும் வேண்டாம். ஆகவே விலை, செலவைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. வாங்குபவன் எவ்வளவு தாங்குவான் என்று பார்த்தே வைக்கப்படுகிறது. அதனால்தான் ஒரே விளையாட்டுக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை.

2018-இல் ஸ்டீம் ஒரு சலுகை அறிவித்தது. விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் கமிஷன் 25. 5 கோடி டாலரைத் தாண்டினால் 20. சிறியவனுக்கு முழு 30! மிராசுதாருக்குத் தள்ளுபடி, குத்தகைக்காரனுக்கு முழு வாரம் என்பது இதுதானே? அதே ஆண்டில் எபிக் என்ற கம்பெனி 12 சதவீதத்தில் கடை திறந்தது. எதிர்ப்பும் வழக்கும் கிளம்பிய பின், 2021-இல் ஆப்பிளும் கூகுளும் சிறிய கம்பெனிகளுக்கு 15 ஆகக் குறைத்தன. தானாக இறங்கவில்லை, இறக்கப்பட்டது.

நம் நாட்டிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், தன் கடையில் தன் வழியாகவே பணம் கட்ட வேண்டும் என்று நிர்ப்பந்தித்ததற்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது.

இன்னொன்றும் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியது நம் சொத்தா? இல்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே. யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31-இல் 'தி க்ரூ' என்ற விளையாட்டின் சர்வரை மூடியது. காசு கொடுத்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். கடையில் வாங்கிய மண்வெட்டியைக் கடைக்காரன் வந்து பிடுங்கிச் சென்றால் சும்மா விடுவோமா?

மாற்று வழி இல்லையென்று சொல்லாதீர்கள். 1999 நவம்பர் 14 அன்று இதே மதுரையில், அண்ணா நகரில், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விவசாயி தானே தராசு பிடித்து, கமிஷன் கொடாமல் விற்றார். மொத்த விலையைவிட அவருக்குக் கூடுதல் கிடைத்தது. சில்லறை விலையைவிட வாங்கியவருக்குக் குறைந்தது. இடைத்தரகு இயற்கையின் சட்டமல்ல என்பதை நம் ஊரே காட்டியிருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று: கமிஷனுக்கு உச்சவரம்பு வேண்டும். எந்த வழியில் பணம் கட்டுவது என்பதை வாங்குபவரே தீர்மானிக்க வேண்டும். விற்ற பொருளைத் திரும்பப் பிடுங்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. 'இலவசம்' என்று வரும் விளையாட்டு, உள்ளே சட்டையும் துப்பாக்கிச் சாயமும் விற்றுக் காசு பறிக்கிறது. கைபேசியில் பணம் கட்டும் ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அவர்களைத் திட்டாமல், பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். நாளை விளையாட்டை உருவாக்கப் போகும் தொழிலாளியும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.