நிரலுக்கு ஒரு டூப்

திரைப்படத்தில் நாயகனுக்காக மாடியினின்று குதிப்பவரை ‘டூப்’ என்கிறோமல்லவா? மென்பொருள் சோதனையிலும் டூப் உண்டு. 2007-இல் வெளிவந்த தம் நூலில் ஜெரார்டு மெசாரோஸ் அவ்வுவமையாலேயே அதற்குப் பெயர் வழங்கினார். பயணச்சீட்டு நிரலைச் சோதிக்குந்தோறும் வங்கியில் மெய்ப்பணம் கழிக்கலாகுமா? ஆகவே பொய்வங்கி ஒன்றை அமைப்பர். ‘பணம் வந்தது’ எனக் கற்பித்த விடையை மட்டும் கூறுவது ‘ஸ்டப்’; ஒரு சீட்டுக்கு இருமுறை பணம் கேட்டால் சோதனையைத் தோல்வியாக்குவது ‘மாக்’. ரயில்வே குமாஸ்தாவான எனக்குப் பின்னதே பிடித்தது.

“மெய்வங்கி தன் விடையின் வடிவை மாற்றிவிட்டால்?” என்று நிரல் எழுதும் என் மகளைக் கேட்டேன்.

“பொய்வங்கி பழைய பாடத்தையே ஒப்பிக்கும், அப்பா. சோதனை தேறிவிடும், பயணிக்குப் பணம் போகும், சீட்டு வராது” என்றாள்.

அதனால்தான் வெளியிடுமுன் வங்கியின் சோதனைத் தளத்தோடும் ஒருமுறை பேசவைத்துப் பார்க்கின்றனராம்.