உயர்தரத்துக்குச் சேர்க்கும் முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டேன். ஒரு விஷயம்தான் சொல்ல வந்தேன்.

கறவை மாடு வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? விற்கிறவர் சொல்லை நம்பிக் காசைக் கொடுத்துவிடுகிறோமா? விடியக்காலையில் போய், நம் கண்ணுக்கு முன்னால் கறக்கச் சொல்லி, பாலைப் பார்த்த பிறகுதான் கயிற்றைப் பிடிக்கிறோம். ஆனால் பிள்ளையின் உயர்தரப் படிப்பை ஒப்படைக்கிற பாடசாலையை மட்டும், "பெரிய கொலிஜ், நல்ல பேரு" என்று யாரோ சொன்னதை வைத்தே முடிவு செய்துவிடுகிறோம்.

நம் பக்கத்துப் பாடசாலைகள் பல 11ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. உயர்தரம் உள்ள இடங்களிலும் பல கலை, வர்த்தகம் மட்டுமே. விஞ்ஞானமும் கணிதமும் படிக்க 1ஏபி பாடசாலைக்குத்தான் போகவேண்டும். ஆனால் 1ஏபி என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பாடத்துக்கு இன்றைக்கு வகுப்பில் ஆசிரியர் நிற்கிறாரா என்பதைப் பெயர் சொல்லாது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். நானும் லயத்துப் பிள்ளைதான். படித்து ஆசிரியரானவன். அந்த நினைப்பில், என் மூத்த மகளுக்குப் பாடசாலை தேடும்போது யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. உயிரியல் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். டவுனில் பேர்போன பாடசாலை ஒன்றில் சேர்த்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து மகள் சொன்னாள்: "அப்பா, பௌதிகவியலுக்கு சேர் இல்ல. புத்தகத்தப் பார்த்து எழுதச் சொல்றாங்க." வருவார், வருவார் என்று ஒரு வருஷம் போய்விட்டது. தனியார் வகுப்புக்கு அனுப்ப அன்றைக்கு என்னிடம் வசதி இல்லை. கடைசியில் கலைப்பிரிவுக்கு மாறினாள். கலைப்பிரிவு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அவள் கேட்ட படிப்பு இல்லை. சேர்க்கிறதுக்கு முதல் ஒரு நாள் லீவு போட்டு அங்கே போய், "பௌதிகவியலுக்கு யார் இருக்கிறார்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

இளையவனுக்கு அந்தப் பிழையை விடவில்லை. மூன்று பாடசாலைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, படிப்பு நடக்கிற நாளில் போங்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு நாளில் எல்லாப் பாடசாலையும் அழகுதான். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

இரண்டாவது, பாடம் பாடமாகக் கேளுங்கள். உயிரியல் பிரிவென்றால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுக்கும் ஆள் இருக்கிறதா? கணிதப் பிரிவென்றால் இணைந்த கணிதத்துக்கு யார்? "விஞ்ஞானம் இருக்கு" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்றும் நடக்கிறது. அது அங்கே உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, ஆய்வுகூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பூட்டுத் துருப்பிடித்திருந்தால் அதுவே பதில்.

நான்காவது, பெறுபேற்றைக் கேட்கும்போது "எத்தனை பேர் கெம்பஸ் போனாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பேர் எழுதினார்கள், மூன்று பாடமும் சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஐந்து பேரின் படம் சுவரில் தொங்கும். மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது சுவரில் இருக்காது.

ஐந்தாவது, பிள்ளை தினமும் போகப்போகிற பஸ்ஸிலேயே போய் வாருங்கள். லயத்திலிருந்து ரோட்டுக்கு எவ்வளவு நடை, முதல் பஸ் எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் இருட்டுவதற்குள் பெண்பிள்ளை வீடு வந்து சேருமா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். மலசலகூடத்தையும் தண்ணீர்க் குழாயையும் அம்மாமார் பார்த்து வாருங்கள்.

ஆறாவது, பஸ் நிலையத்தில் அந்தப் பாடசாலைப் பிள்ளைகளோடு பேசுங்கள். பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். உங்கள் பிள்ளையையும் பேசவிடுங்கள். படிக்கப் போவது அதுதானே.

இப்போது உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். "நாங்க போய் அதிபர்கிட்ட இதெல்லாம் கேக்கலாமா?" ஒப்பீஸ் வாசலில் கையைக் கட்டி நின்ற பழக்கம் நம்மை விடவில்லை. அம்மா, அதிபர் தொரை இல்லை. 1945 முதல் இந்த நாட்டில் இலவசக் கல்வி. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். பிந்தித்தான் கிடைத்தது, ஆனாலும் அது நம் உரிமை. மரியாதையாகக் கேளுங்கள். நல்ல அதிபர் என்றால் சந்தோஷப்படுவார். கேட்டதற்கே கோபப்பட்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கவலை, ஒரு நாள் பேர் போய்விடுமே என்பது. உண்மைதான். அந்தக் காசு உங்களுக்குச் சின்னக் காசு இல்லை. அதனால் இரண்டு மூன்று குடும்பம் சேருங்கள். இந்த முறை ஒருவர் போய் எல்லோருக்கும் கேட்டு வரட்டும். அடுத்த பாடசாலைக்கு மற்றவர் போகட்டும். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்த வருஷம் எழுதப்போகிற பிள்ளைகளுக்கும் உதவும்.

ஒரு நாள் பேரை அடுத்த மாதம் உழைத்து எடுக்கலாம். என் மகளுக்குப் போன ஒரு வருஷத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்களுக்கு அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவும் சொன்னேன்.

போய்ப் பாருங்கள்.