மின்சார வண்டியில் குளிர் வரவில்லையா?



திருப்பதி அலிபிரியில் மின்சார பஸ்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2022 செப்டம்பரில் இந்த பஸ்கள் திருமலைக்கு ஓடத் தொடங்கின. இதில் டீசல் இல்லை. புகை இல்லை. உள்ளே ஏ.சி. உண்டு. சித்தூர்ப் பக்கமும் மின்சாரக் கார்கள் வந்துவிட்டன.

நம் பிள்ளைகள் சிலர் இந்த வண்டிகளை ஓட்டுகிறார்கள். சிலர் ஷெட்டில் மெக்கானிக் வேலை பழகுகிறார்கள். அதனால் இன்று ஒரு விஷயம் பேசுவோம். மின்சார வண்டியில் ஏ.சி. குளிரவில்லை. உடனே, "கம்ப்ரஸர் போச்சு, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். அது உண்மைதானா? எப்படித் தெரிந்து கொள்வது?

முதலில், கம்ப்ரஸர் என்றால் என்ன?

ஏ.சி. குழாய்களுக்குள் ஒரு கேஸ் சுற்றி வருகிறது. அது வண்டிக்குள் இருக்கும் சூட்டை எடுக்கிறது. வெளியே கொண்டு போய் விடுகிறது. அந்தக் கேஸை அழுத்தித் தள்ளும் பம்புதான் கம்ப்ரஸர்.

பெட்ரோல் காரில் இன்ஜின்தான் கம்ப்ரஸரைச் சுற்றும். நடுவில் ஒரு பெல்ட் இருக்கும். ஏ.சி. பட்டனை அழுத்தினால் "டக்" என்று சத்தம் கேட்கும். பழகிய மெக்கானிக் அந்தச் சத்தத்தை வைத்தே பாதி சொல்லி விடுவார்.

மின்சார வண்டியில் இன்ஜின் இல்லை. பெல்ட் இல்லை. அந்த "டக்" சத்தமும் இல்லை. கம்ப்ரஸருக்குள்ளேயே ஒரு மோட்டார் இருக்கிறது. அது பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. பல கார்களில் அது 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். பஸ்ஸில் இன்னும் அதிகம். நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான். யோசித்துப் பாருங்கள்!

ஆகவே பழைய பழக்கம் இங்கே உதவாது. வரிசையாகக் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா? சார்ஜ் மிகவும் குறைந்தால் பல வண்டிகள் ஏ.சி.யைத் தாமே குறைத்து விடும். அல்லது நிறுத்தி விடும். அது பழுது அல்ல. சார்ஜ் போட்டால் சரியாகி விடும்.

இரண்டாவது கேள்வி: உள்ளே காற்று வருகிறதா? காற்றே வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஃபேனைப் பாருங்கள். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: சூடு வெளியே போகிறதா? காரில் முன்பக்கம் வலை போன்ற ஒரு தகடு இருக்கும். அதன் பெயர் கண்டன்சர். அதில் மண்ணும் பூச்சியும் அடைத்தால் சூடு வெளியேறாது. அதன் ஃபேன் சுற்றாவிட்டாலும் அப்படித்தான்.

நான்காவது கேள்வி: கேஸ் இருக்கிறதா? இதை மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்ப்பார். பல வண்டிகளில் ஆர்-134ஏ என்ற கேஸ் இருக்கிறது. ஏ.சி. ஓடாமல் வெகுநேரம் நிற்கும் வண்டியில், 35 டிகிரி வெப்பத்தில், மீட்டர் சுமார் 115 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். மிகவும் குறைவாகக் காட்டினால் கேஸ் எங்கோ கசிந்திருக்கிறது. அந்தக் கசிவை முதலில் அடைக்க வேண்டும். மீட்டர் சரியாகக் காட்டினாலும் அளவு குறைந்திருக்கலாம். ஆகவே கேஸை வெளியே எடுத்து, எடை போட்டு நிரப்புவதுதான் சரியான முறை.

ஐந்தாவது கேள்வி: சின்ன மின்சாரம் சரியா? பல வண்டிகளில் 12 வோல்ட் சின்ன பேட்டரியும் உண்டு. "ஓடு, நில்" என்று கம்ப்ரஸருக்குக் கட்டளை போவது சின்ன வயரில்தான். ஒரு சின்ன ஃபியூஸ் போனாலும் கம்ப்ரஸர் ஓடாது. கனெக்டரில் துரு பிடித்தாலும் ஓடாது.

ஆறாவது கேள்வி: கட்டளை போகிறதா? கம்ப்ரஸர் சுற்றுகிறதா? இதற்கு ஸ்கேனர் வேண்டும். கட்டளையே போகவில்லை என்றால் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டளை போகிறது, சுற்றவில்லை என்றால்தான் பெரிய மின்சாரத்தின் ஃபியூஸ், வயர், கடைசியில் கம்ப்ரஸர் என்று பார்க்க வேண்டும்.

பார்த்தீர்களா? கம்ப்ரஸர் கடைசியில்தான் வருகிறது. அதை முதலிலேயே மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் வீண். கேஸ் கசிந்தபடியே இருந்தால் புது கம்ப்ரஸரும் கெட்டுப் போகும்.

இனி, மிக முக்கியமான ஒன்று. கவனமாகக் கேளுங்கள்.

கம்ப்ரஸருக்குப் போகும் தடித்த வயர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆரஞ்சு வயர் என்றால் ஆளைக் கொல்லும் மின்சாரம். அதைத் தொடாதீர்கள். கழற்றாதீர்கள். சாவியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வண்டியை நிறுத்திய பிறகும் சில நிமிடம் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். அவர் அதற்குரிய ரப்பர் கையுறை போடுவார். பெரிய மின்சாரத்தைத் துண்டிப்பார். புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருப்பார். மீட்டர் வைத்து, மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகே கை வைப்பார். வேலை பழகும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அடுத்தது எண்ணெய். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் உண்டு. பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பி.ஏ.ஜி. என்ற எண்ணெய் ஊற்றுவார்கள். மின்சார கம்ப்ரஸர்களில் பெரும்பாலும் பி.ஓ.இ. என்ற எண்ணெய் இருக்கும். இது மின்சாரத்தைக் கசிய விடாது. தவறான எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்சாரம் வண்டியின் உடம்புக்குக் கசியலாம். அதைக் கண்டுபிடித்து சில வண்டிகள் கிளம்பவே மறுக்கும். நல்ல கம்ப்ரஸரைத் தவறான எண்ணெய் கெடுத்து விடும்.

"ஏ.சி. இல்லாவிட்டால் என்ன? ஜன்னலைத் திறந்து கொள்வோம்" என்று சிலர் சொல்லலாம். ஆனால் பல மின்சார வண்டிகளில் பெரிய பேட்டரியைக் குளிர வைப்பதும் இதே கம்ப்ரஸர்தான். நம் ஊர் மே மாத வெயிலை நினைத்துப் பாருங்கள். பேட்டரி சூடானால் வேகமாகச் சார்ஜ் ஏறாது. பேட்டரியின் ஆயுளும் குறையும். ஆகவே பழுதைத் தள்ளிப் போடாதீர்கள்.

நண்பர்களே! நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொண்டோம். அந்தப் படிப்பு இங்கே வேலைக்கு வரட்டும். கம்ப்ரஸர் மேல் என்ன எண்ணெய், என்ன கேஸ் என்று ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் இருந்தால் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பில் வந்தால் மூன்று விஷயம் பாருங்கள். எந்த எண்ணெய் ஊற்றினார்கள்? எத்தனை கிராம் கேஸ் நிரப்பினார்கள்? கசிவு எங்கே இருந்தது? எழுதவில்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். காசு நம்முடையது. உயிரும் நம்முடையது.