முகமூடிக்கு உள்ளே அழுறவன்: காமென் ரைடரும் மெலட்டூர் நரசிம்மரும்

இன்னிக்கு எபிசோட் ஜப்பான் முகமூடி சூப்பர் ஹீரோ தொடர்கள் பத்தி. இந்த வகைக்கு அங்க டோக்குசாட்சுன்னு பேரு. ரப்பர் உடை போட்ட அரக்கன், ஹெல்மெட் போட்ட ஹீரோ, கல்குவாரியில சண்டை, கடைசியில ஒரு பெரிய வெடி. நம்ம வயசுக்காரங்களுக்கு இது ஜெட்டிக்ஸ்ல தமிழ் டப்பிங்ல வந்த பவர் ரேஞ்சர்ஸ் மூலமா அறிமுகம். அதோட மூலம் சூப்பர் சென்டாய்ங்கிற ஜப்பான் தொடர் வரிசை. அந்த வரிசையை 1975ல தொடங்கி வெச்சவர் இஷினோமோரி ஷோட்டாரோங்கிற மங்கா கலைஞர். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி அவர் கொடுத்ததுதான் இன்னிக்கு நாம பேசப்போற காமென் ரைடர்.

காமென்னா முகமூடி. முகமூடி போட்ட சவாரிக்காரன். பொய்க்கால் குதிரை ஆடுற தஞ்சாவூர்ல இருந்து இதைப் பேசுறதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஸ்பாய்லர் எச்சரிக்கை: கூகா, கைம் ரெண்டு தொடரோட முடிவையும் சொல்லப்போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க. பரவாயில்லன்னா தொடர்ந்து கேளுங்க.

எதிரி செஞ்ச உடம்பு

முதல் காமென் ரைடர் 1971 ஏப்ரல் 3 அன்னிக்கு ஒளிபரப்பாச்சு. மொத்தம் 98 எபிசோட். கதை ரொம்ப சிம்பிள். ஹாங்கோ தக்கேஷின்னு ஒரு காலேஜ் பையன். நல்லா படிப்பான், பைக் ரேஸ் ஓட்டுவான். உலகத்தைப் பிடிக்க நினைக்கிற ஷாக்கர்ங்கிற ரகசிய அமைப்பு அவனைக் கடத்திட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி, பாதி மனுஷன் பாதி வெட்டுக்கிளியா மாத்திடுது. (நெல் விளையுற ஊர்ல உட்கார்ந்துகிட்டு வெட்டுக்கிளியை ஹீரோவா ஏத்துக்கிறது கொஞ்சம் கஷ்டம்தான், தெரியும்.) மூளையை மாத்துறது மட்டும் பாக்கி. அதுக்குள்ள ஷாக்கருக்கு வேலை செஞ்ச ஒரு விஞ்ஞானியே அவனைத் தப்பிக்க வைக்கிறார்.

இங்க ஒன்னு கவனிங்க. ஹாங்கோ சண்டை போடுற சிலந்தி மனுஷன், வௌவால் மனுஷன் எல்லாருமே அதே ஆபரேஷன் டேபிள்ல இருந்து வந்தவங்க. அவனுக்கும் அவங்களுக்கும் உடம்புல வித்தியாசம் இல்ல. அவன் உதைக்கிற உதை ஷாக்கர் கொடுத்த உதை. ஷாக்கரை அழிச்சாலும் அவன் பழைய ஹாங்கோவா ஆக முடியாது. இஷினோமோரி வரைஞ்ச மங்காவுல இது இன்னும் கொடூரமா இருக்கும். கோபம் வந்தா முகத்துல ஆபரேஷன் தழும்பு எழும்பும், அதை மறைக்கத்தான் அவன் முகமூடியே போடுறான்.

ரைடர்கள் உரு மாறும்போது கத்துற 'ஹென்ஷின்'ங்கிற சொல்லுக்கு நேர் அர்த்தம் உடம்பு மாறுதல். காஃப்காவோட கதையில ஒருத்தன் காலையில எழுந்தா பூச்சியா மாறிக் கிடப்பான் இல்லையா, அந்தக் கதைக்கு ஜப்பானிய மொழியில வெச்ச தலைப்பும் ஹென்ஷின் தான். நமக்கு விசில் அடிக்கிற சீனா தெரியுற அந்தச் சொல்லுக்குள்ள ஒரு பயமும் இருக்கு.

பிடிச்சு நிறுத்த ஆள் வேணும்

இந்த விஷயம் நமக்குப் புதுசு கிடையாது. தஞ்சாவூர்ல இருந்து திருக்கருகாவூர் போற வழியில மெலட்டூர்னு ஒரு ஊர். அங்க வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். வரதராஜப் பெருமாள் கோயில் சன்னதியில, ராத்திரி ஆரம்பிச்சு விடியற வரைக்கும் நாடகம். முக்கியமான நாடகம் பிரகலாத சரித்திரம். 18ஆம் நூற்றாண்டுல அந்த ஊர்லயே வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி தெலுங்குல எழுதினது. பெண் வேஷம் உட்பட எல்லா வேஷமும் ஆண்கள்தான் கட்டுவாங்க.

அந்த நாடகத்துல நரசிம்மர் போடுற முகமூடி, நாடகம் முடிஞ்சதும் பெட்டியில தூக்கிப் போடுற சாமான் இல்ல. கோயில்ல வெச்சு பூஜை பண்ணுவாங்க. அதைப் போடப்போறவர் அன்னிக்கு விரதம் இருப்பார். விடியற நேரத்துல முகமூடியோட அவர் வெளிய வந்து இரணியன் மேல பாயும்போது, நாலு பேர் அவரைப் பிடிச்சு இழுத்து நிறுத்துவாங்க. எதிர்ல நிக்கிறது பக்கத்து வீட்டுக்காரரா இருக்கலாம். ஆனா முகமூடி ஏறின பிறகு உள்ள இருக்கிறவர் கையில எதுவும் இல்லன்னு ஊரே நம்புது. அதனால ஹீரோவைப் பிடிச்சு நிறுத்த ஆள் போட்டிருக்காங்க. ஹீரோவோட சக்தி ஆபத்தானதுன்னு இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது?

சரி, அந்தக் கதையில காமென் ரைடர் யாரு? என்னைக் கேட்டா நரசிம்மர் இல்ல, பிரகலாதன். அவன் அசுரனோட மகன். ஷாக்கரோட தலைமை அலுவலகத்துலயே பொறந்து வளர்ந்தவன். எந்த ரத்தம்னு பார்த்தா அவன் எதிரிப் பக்கம்தான்.

நம்ம டெல்டாக்காரர் கம்பரும் இந்தக் கதையை விடல. வால்மீகியில இல்லாத இரணியன் வதைப் படலத்தை அவர் ராமாயணத்துக்குள்ள கொண்டு வந்தார். அதைச் சொல்றது யாரு? விபீஷணன். யார்கிட்ட? ராவணன்கிட்ட. சொன்ன கையோட அந்தப் பக்கத்தை விட்டு வெளிய வர்றவனும் அவன்தான். தான் பொறந்த இடத்துக்கு எதிரா நிக்கிறவன்தான் இந்தக் கதைகள்ல திரும்பத் திரும்ப ஹீரோ ஆகுறான்.

அழுற ஹீரோ

2000ல காமென் ரைடர் கூகா வந்துச்சு. ஹீரோ கோடாய் யூசுகே எப்பவும் சிரிச்ச முகம். அடுத்தவங்க முகத்துல சிரிப்பு இருக்கணும்னுதான் அவன் சண்டைக்கே வர்றான். ஆனா ஒருத்தரை அடிக்கிறது அவனுக்குத் துளியும் பிடிக்காது. கடைசிச் சண்டை பனி மலையில. பின்னணி இசை, ஸ்டைல் எதுவும் கிடையாது. ரெண்டு பேர் ரத்தம் தெறிக்க மாறி மாறிக் குத்திக்கிறாங்க. நடுவுல ரெண்டு பேரோட மனுஷ முகத்தையும் காட்டுவாங்க. வில்லன் சிரிச்சுக்கிட்டே குத்துறான். கோடாய் அழுதுகிட்டே குத்துறான்.

ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே சக்தி, ஒரே குத்து. அந்த அழுகை மட்டும்தான் வித்தியாசம். மெலட்டூர்ல நாலு பேர் வெளிய நின்னு செய்யுற வேலையை, கோடாய் தனக்குள்ளயே தானே செய்யுறான். பிடிச்சு நிறுத்துறது.

சாகாம திருந்துறது

ஹாங்கோவுக்கு நடந்தது அவன் தப்பு இல்ல. பிரகலாதன் பொறப்பும் அவன் தப்பு இல்ல. தப்பைத் தானே செஞ்சவன் கதை என்ன? மீட்சிங்கிற சொல் அங்கதான் உண்மையாவே சோதனைக்கு வருது.

நம்ம சினிமாவுல இதுக்கு ஒரு ரெடிமேட் வழி உண்டு. படம் முழுக்க அட்டகாசம் பண்ணவன் கிளைமாக்ஸ்ல திருந்தி, ஹீரோவுக்கு வர்ற குண்டைத் தன் நெஞ்சுல வாங்கிக்கிட்டு செத்துடுவான். கணக்கு முடிஞ்சது, நாமளும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். புராணத்துலயும் இது இருக்கு. இரணியன் முன்னாடி வைகுண்டத்து வாசல் காவல்காரன். சாபத்தால வந்தவன். எதிரியா மூணு பிறவி எடுத்து, பெருமாள் கையால செத்துத்தான் திரும்பிப் போகணும். அங்க சாவுதான் வீட்டுக்குப் போற வழி.

2013ல வந்த காமென் ரைடர் கைம் இந்த வழியை மூடிடுது. எழுதினவர் உரோபுச்சி கென். அதுல மிட்சுசானேன்னு ஒரு சின்னப் பையன். ஹீரோ கோத்தாவை அண்ணனா நினைக்கிறவன். நல்லது பண்றோம்னு நினைச்சு முதல்ல ஒரு உண்மையை மறைக்கிறான். அதைக் காப்பாத்த அடுத்த பொய். அப்புறம் கோத்தாவையே கொல்லப் பார்க்குறான், சொந்த அண்ணனோட கவசத்தைப் போட்டுக்கிட்டு ஏமாத்துறான். யாரைக் காப்பாத்தத்தான் இதெல்லாம்னு சொன்னானோ, கடைசியில அந்தப் பொண்ணையும் இழக்கிறான்.

நம்ம ஊர் படமா இருந்தா இவன் 40வது எபிசோட்ல குண்டடி பட்டுச் செத்திருப்பான். கைம்ல இவன் உயிரோட இருக்கான். கோத்தா அவனை மன்னிச்சிடுறான். ஆனா அந்த மன்னிப்பு எதையும் அழிக்கல. எல்லாம் முடிஞ்சு ஊர் மறுபடி சிரிக்கும்போது, பழைய நண்பர்கள் கூப்பிட்டும் அவனால போய்ச் சேர்ந்து நிக்க முடியல. அப்புறம் ஒரு நாள் ஊருக்கு ஆபத்து வரும்போது, அதே பெல்ட்டைக் கட்டிக்கிட்டு எழுந்து நிக்கிறான். எதை வெச்சுத் தப்பு பண்ணானோ அதே சக்தி. புதுசா, சுத்தமா ஒன்னு அவனுக்குக் கிடைக்கல.

கோட் எழுதுறவங்களுக்கு இது புரியும். கிட்ல ரிவர்ட் போட்டா பழைய கமிட் காணாமப் போகாது. யார், எந்த நாள், என்ன பண்ணாங்கன்னு ஹிஸ்டரியில அப்படியே இருக்கும். அதுக்கு மேல புதுசா ஒரு கமிட் வரும், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க சொந்தத்துல ஒரு அண்ணன் இருக்கார். பத்து வருஷம் முன்னாடி குடிச்சிட்டு பைக் ஓட்டினார். பின்னாடி உட்கார்ந்திருந்த அவரோட ஃப்ரெண்ட் செத்துட்டார், இவர் பிழைச்சுட்டார். குடியை விட்டுட்டார். ஆனா அது இந்தக் கதையில சின்ன பாகம். அந்த ஃப்ரெண்டோட அப்பா அம்மாவுக்கு ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கு. ஒவ்வொரு சம்பாவுக்கும் நடவுக்கு ஆள் பிடிக்கிறது, அறுப்பு மெஷின் சொல்றது, கொள்முதல் நிலையத்துல மூட்டையோட ராத்திரி காவல் கிடக்கிறது எல்லாம் இவர்தான். அந்த அம்மா இன்னிக்கு வரைக்கும் இவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசணும்னு அவங்களுக்குக் கட்டாயமும் இல்ல. "எதுக்குண்ணே, அவங்கதான் மன்னிக்கவே மாட்டாங்களே"ன்னு ஒரு தடவை கேட்டேன். "அதுக்கா செய்யுறேன்? மூட்டை நனையுமேடா"ன்னார்.

மிட்சுசானே கதை எனக்கு ஒழுங்காப் புரிஞ்சது அந்த பதில்லதான். மன்னிப்பு கிடைச்சா அது கொடுக்கிறவங்களோட பெருந்தன்மை. கிடைக்கலன்னாலும் மூட்டையை நனைய விடக்கூடாது.

பாகவதத்துல ஒரு இடம் உண்டு. இரணியன் செத்த பிறகு நரசிம்மர் பிரகலாதன்கிட்ட வரம் கேட்கச் சொல்வார். அவன் தனக்குன்னு எதுவும் கேட்க மாட்டான். தன்னைக் கொல்லப் பார்த்த அப்பாவோட பாவம் தீரணும்னு கேட்பான். மீட்சியைக் கேட்கிறவன் தப்பு பண்ணவனே இல்ல, பாதிக்கப்பட்டவன். எல்லாராலயும் அது முடியாது. முடியாதவங்களைக் குறை சொல்லவும் நமக்கு உரிமை இல்ல.

இந்தத் தொடர்களைப் புதுசா பார்க்க நினைக்கிறவங்க கூகாவுல ஆரம்பிங்க, அப்புறம் கைம். மே மாசம் டெல்டா பக்கம் வர்ற வாய்ப்பு இருந்தா, ஒரு ராத்திரி தூக்கத்தை விட்டுட்டு மெலட்டூர் போயிட்டு வாங்க. அந்த நாலு பேரோட கையை மறக்காம கவனிங்க.

உங்களுக்குப் பிடிச்ச தொடர்ல, படத்துல, சாகாம திருந்தின ஒரு கேரக்டர் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பேசுவோம். பைக் ஓட்டிக்கிட்டே கேட்குறவங்க, ஹெல்மெட் போடுங்க. நமக்கு அந்த முகமூடி போதும்.