ஏரிக்கரை அரண்மனையும் இரண்டு பிள்ளைகளும்



இராஜஸ்தானத்து உதயப்பூருக்குப் போய்வந்தவர்கள் முதலிற் பேசுவது பிச்சோலா ஏரியைப் பற்றித்தான். நகரத்திலும் மூத்தது அந்த ஏரி. 14 ஆம் நூற்றாண்டிலே தானியப் பொதி ஏற்றிச் செல்லும் வணிகன் ஒருவன் கட்டுவித்தது என்பர். கிழக்குக் கரையிலே மாடத்தின்மேல் மாடமாக நகர அரண்மனை. நீர் நடுவே இரண்டு தீவு மாளிகைகள். ஒன்று, தந்தையை எதிர்த்துக் கிளம்பிய இளவரசர் குர்ரம், பின்னாளைய ஷாஜகான், அடைக்கலம் புகுந்த ஜக் மந்திர். மற்றது 1746 இல் நிறைவுற்ற ஜக் நிவாஸ். 1963 இல் அது ஹோட்டலாக மாறிற்று.

அரண்மனையின் மயில் முற்றத்திலே, வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் இழைத்த மயில்களைக் கண்டு நானும் மெய்மறந்து நின்றேன். ஆனால் திரும்பி வந்தபின் மனதில் நிற்பவர்கள் இரண்டு பிள்ளைகளே.

1559 இல் இந்நகரை நிறுவியவர் இராணா உதயசிங். அவர் சிறுவனாயிருந்தபோது, சித்தூர்க் கோட்டையிலே ஆட்சியைக் கவர்ந்த பன்வீர் அவரைக் கொல்ல வாளோடு வந்தான். செவிலித்தாய் பன்னா அரச குமாரனைக் கூடையில் மறைத்து வெளியே அனுப்பிவிட்டு, அவன் படுக்கையிலே தன் சொந்த மகனைக் கிடத்தினாள். வாள் அவன்மீது பாய்ந்தது. மேவார் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது.

அரண்மனையில் கிருஷ்ண விலாஸ் என்றோர் அறை உண்டு, சுவரெங்கும் சிற்றோவியங்கள். இளவரசி கிருஷ்ணகுமாரியின் நினைவாக அமைந்தது. ஜெய்ப்பூர் அரசனும் ஜோத்பூர் அரசனும் அவளை மணக்கப் போட்டியிட்டுப் படை திரட்டினர். போரைத் தவிர்க்க 1810 இல் அவளுக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது. வயது பதினாறு. ஜேம்ஸ் டொட் அதனை வரலாறாக எழுதினார். மைக்கேல் மதுசூதன தத்தர் 1861 இல் வங்காளி நாடகமாக்கினார்.

இரண்டையும் தியாகம் என்றே நாம் போற்றுகிறோம். பன்னாவின் பெயரை அங்கே அறியாதவர் இல்லை. உறங்கிக்கொண்டிருந்த அந்தச் சிறுவனின் பெயர் சந்தன் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அவனிடம் சம்மதம் கேட்டவர் எவருமில்லை. கிருஷ்ணகுமாரிக்கோ மறுக்க வழியிருக்கவில்லை. பிறர் உயிரைக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகமென்று பெயரிடுவது அரண்மனைகளோடு முடிந்துபோன வழக்கமா?

உதயப்பூருக்குப் போனால் ஏரியழகைக் கண்ணாரக் காணுங்கள். கிருஷ்ண விலாஸிலும் சற்று நேரம் நில்லுங்கள்.